நாலுக்கு மூன்று

பி.எஸ்ஸி. முதல் வருடத்தில் பகுமுறை வடிவியல் தேர்வு. ஆதிப்புள்ளியை மையமாக வைத்து, ஆரம் ஐந்து அலகு கொண்ட ஒரு வட்டம் வரையச் சொல்லியிருந்தார்கள். டம்ளரைக் கவிழ்த்து வைத்து யார் வேண்டுமானாலும் வரைந்துவிடக்கூடிய வட்டம். நான் வரைந்து கொடுத்தது படுத்திருக்கும் ஒரு முட்டை. புள்ளிகள் எல்லாம் சரி, சமன்பாடு சரி, அச்சுகளில் எழுதிய எண்களும் சரி. அளவுத்திட்டத்தில்தான் கோளாறு. குறுக்கே ஓர் அலகுக்கு நாலு கட்டம், நெடுக்கே ஓர் அலகுக்கு மூன்று கட்டம் எடுத்திருந்தேன். யோசித்து எடுக்கவில்லை, கை தானாக எடுத்துவிட்டது. திருத்தியவர் சிவப்பு மையில் பெரிய கேள்விக்குறி போட்டு மூன்று மார்க்கைக் கழித்துவிட்டார். வகுப்பில் ஒரு வாரம் சிரித்தார்கள். அந்த மூன்று மார்க்கை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கை தானாக எடுத்ததற்குக் காரணம் எங்கள் வீடு. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் இல்லாத சில வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அப்பாவை எங்கள் பக்கத்து வழக்கப்படி நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா நெய்கிறவர் இல்லை, சேலைக்கு டிசைன் போடுகிறவர். கரையில் வரும் ருத்திராட்சமோ முந்தியில் வரும் மயிலோ தறிக்குப் போவதற்கு முன்னால் கிராஃப் தாளில் வந்தாக வேண்டும். தாளில் ஒரு கட்டம் என்பது துணியில் ஓர் இழை இன்னோர் இழையைச் சந்திக்கும் இடம். ஜரிகை மேலே தெரிய வேண்டிய கட்டங்களை நைனா சிவப்பில் நிரப்புவார். அதைப் பார்த்து ஒருவர் அட்டைகளில் துளை குத்துவார். அந்த அட்டைகள் தறிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு, எப்போது எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று உத்தரவு போடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எங்கள் துணியில் நெடுக்கே ஓடும் பாவு இழைகள் நெருக்கமாக இருக்கும், குறுக்கே போகும் ஊடை இழைகள் கொஞ்சம் பருமன். அதனால் தாளில் குறுக்கே நாலு கட்டமும் நெடுக்கே மூன்று கட்டமும் துணியில் ஒரே நீளமாகிவிடும். தாளில் அழகாக வட்டம் போட்டால் துணியில் முட்டை நிமிர்ந்து நிற்கும். துணியில் வட்டம் வேண்டுமென்றால் தாளில் முட்டையைப் படுக்க வைக்க வேண்டும். நாலுக்கு மூன்று. இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. சோற்றோடு சேர்ந்து உள்ளே போனது.

நைனாவின் வலது கை நடுங்க ஆரம்பித்தது நான் பிளஸ் டூ படிக்கும்போது. முதலில் டீ தளும்பியது, பிறகு பென்சில் வழுக்கியது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது, நடுக்கம் அப்படியே இருந்தது. கண்ணுக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஒரு நாள் சாயங்காலம் பாதியில் நின்றுபோன ஓர் அன்னத்தை என் முன்னால் வைத்து, கொஞ்சம் முடித்துக் கொடுக்கச் சொன்னார். அந்தக் கொஞ்சம் மூன்று வருடம் நீண்டது. அன்னத்துக்குப் பிறகு யாளி, யாளிக்குப் பிறகு மயில்கண், அதற்குப் பிறகு எத்தனையோ. ஒவ்வொரு தாளிலும் வலது கீழ் மூலையில் நைனாவின் அடையாளமான சின்ன மல்லிமொக்கையும் நானே போட்டேன்.

இது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கடைக்காரர்கள் நைனாவின் கையை நம்பித்தான் வேலை கொடுத்தார்கள். அது நடுங்குகிறது என்று தெரிந்தால் அடுத்த மாதமே வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். என் கை என்று தெரிந்தாலும் கதை அதுதான். வீட்டுப் பெண்ணின் கையில் டிசைனைக் கொடுக்கக் கூடாது என்று ஊரில் ஓர் எண்ணம் இருந்தது. அவள் நாளைக்குக் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போவாள், அந்த வீட்டு ஆள் வேறு கடைக்கு நெய்வான், டிசைனும் சீர்வரிசையோடு சேர்ந்து போய்விடும். ஆகவே நான் வரைகிறேன் என்பது யார் கண்ணிலும் படக் கூடாது.

எங்கள் வீட்டில் தெருவைப் பார்த்த அறை ஒன்று உண்டு. அதன் ஜன்னலை அந்த மூன்று வருடமும் திறக்கவில்லை. கல்லூரி முடிந்து வந்ததும் அந்த அறைக்குள் போவேன். பட்டப்பகலில் டியூப்லைட் எரியும். தாள் பறக்கும் என்பதால் மின்விசிறி கிடையாது. கழுத்து வியர்வை தாளில் சொட்டாமல் இருக்க அம்மா ஒரு துண்டு கொடுத்திருந்தாள். வெளியே எதிர்வீட்டுத் தறி தட்டுவதும், தண்ணீர்க் குழாயில் பெண்கள் சண்டை போடுவதும், ஐஸ் வண்டிக்காரர் மணியடிப்பதும் கேட்கும். தோழிகள் தேடி வந்தால் தலைவலி என்று அம்மா சொல்லி அனுப்புவாள். மூன்று வருடம் தலைவலியோடு வாழ்ந்த பெண் நான். நைனாவைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். கோபம்தான் அதிகம் வந்தது. நடுங்குகிற கை அவருடையது, அடைபட்டுக் கிடப்பது நானா என்று எத்தனையோ நாள் சிவப்பு மையை அழுத்தித் தேய்த்திருக்கிறேன்.

இரண்டாம் வருடத்தில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். சென்னையில் ஒரு கணித நிறுவனம் கோடை விடுமுறையில் நான்கு வாரம் வகுப்பு நடத்துகிறது, இளநிலை மாணவர்களுக்கு இயற்கணித வடிவியல் அறிமுகம், தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். கையெழுத்து வாங்கத் துறைத் தலைவரிடம் போனேன். படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இயற்கணிதமும் வடிவியலும்தானே, இரண்டையும் முதல் வருடத்திலேயே நடத்தி முடித்தாயிற்றே, மறுபடி எதற்கு நாலு வாரம் என்று கேட்டார். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. சிலபஸ்ஸில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கலாம் சார் என்று சொல்லி வைத்தேன். அவர் சந்தேகத்தோடு கையெழுத்துப் போட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் நான்கு வாரம் வேறு ஊரில், வேறு அறையில் இருக்கலாம் என்பதுதான். அங்கே பூகோளம் நடத்தினாலும் விண்ணப்பித்திருப்பேன்.

பங்குனியில் தபால் வந்தது. தேர்வாகியிருந்தேன். கூடவே ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள்களும் பத்துக் கணக்குகளும். கட்டைப் படித்து, கணக்குகளைப் போட்டுச் சித்திரைக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்களின் இடம் காத்திருப்போருக்குப் போய்விடும். வகுப்பு வைகாசி முதல் வாரம் தொடங்குகிறது.

நான் தமிழ் வழியில் படித்து வந்தவள். அந்தக் கட்டின் ஆங்கிலம் என்னை முதல் பக்கத்திலேயே நாலு தடவை திருப்பி அனுப்பியது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, நைனாவின் யாளிக்கு நடுவே ஒரு பத்தி, அம்மா காப்பி கொண்டுவரும் நேரத்தில் ஒரு பத்தி என்று படித்தேன். மெல்லப் பிடிபட்டது. ஒரு சமன்பாட்டை எழுது. அதைச் சரியாக்கும் புள்ளிகளை எல்லாம் ஓரிடத்தில் கூட்டு. அந்தக் கூட்டத்துக்கு ஓர் உருவம் வரும். உருவத்தைப் பார்த்துச் சமன்பாட்டைப் பற்றிப் பேசலாம், சமன்பாட்டைப் பார்த்து உருவத்தைப் பற்றிப் பேசலாம். இவ்வளவுதான் விஷயம், இதை வைத்துக்கொண்டு ஓர் ஆயுள் முழுக்க ஓட்டலாம். கட்டம் கட்டமாகச் சிவப்பு நிரப்பி அன்னத்தை வரவழைக்கிற எனக்கு இது அந்நியமாகவே படவில்லை.

ஒரு கணக்கில் ஒரு வளைகோட்டை வரையச் சொல்லியிருந்தார்கள். ஒய்யின் வர்க்கம் எக்ஸின் கனத்தோடு எக்ஸின் வர்க்கத்தையும் கூட்டினால் கிடைப்பது. புள்ளி புள்ளியாக வைத்து இணைத்தபோது, கோடு ஒரு சுற்றுச் சுற்றித் தன்னையே வெட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடியது. நைனா உள்ளே வந்து பார்த்தார். மாங்காய் நன்றாக வந்திருக்கிறது, வால் எதற்கு இரண்டு என்று கேட்டார். இது சேலையில் போடுகிற புட்டா இல்லை, கணக்கு என்றேன். கணக்கானால் என்ன, வால் ஒன்று போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு கணக்கு எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் ஒன்றும் சேர்ந்து பூஜ்யம் என்பது. எந்தப் புள்ளியும் கிடைக்காது. இரண்டு வர்க்கங்களைக் கூட்டி அதற்கு மேல் ஒன்றையும் கூட்டினால் எப்படிப் பூஜ்யம் வரும்? அச்சுகளை மட்டும் போட்டு, தாளை வெறுமையாக விட்டேன். ஆனால் கட்டின் அடுத்த பக்கம் வேறு சொன்னது. புள்ளி இல்லாதது சமன்பாட்டின் குறை இல்லையாம், தேடுகிற எண்கள் போதவில்லையாம். கலப்பெண்களையும் உள்ளே விட்டால் அதே சமன்பாட்டுக்குக் கணக்கில்லாத புள்ளிகள் உண்டு, ஒரு வட்டத்துக்கு எத்தனை உண்டோ அத்தனை. இதைப் படித்துவிட்டு அழுதேன் என்று சொன்னால் கணிதக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மூடிய ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, கழுத்துத் துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நன்றாகவே அழுதேன்.

மூன்றாவது பாடத்தில்தான் என் முட்டை வந்தது. அச்சுகளின் அளவை மாற்றினால் வட்டம் நீள்வட்டமாகும், நீள்வட்டம் வட்டமாகும், ஆகவே இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வளைகோடுதான் என்று எழுதியிருந்தது. எனக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. கட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். நைனா தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார். முதல் வருடப் பரிட்சையில் எனக்குப் போன மூன்று மார்க் அநியாயமாகப் போனது என்று ஆரம்பித்து, வட்டமும் முட்டையும் ஒன்றுதான், பெரிய பெரிய ஆட்களே சொல்கிறார்கள், இதோ பாருங்கள் என்று அரை மணி நேரம் பேசினேன். அவர் தினத்தாளை மடித்தார்.

"ஒண்ணுன்னு எந்தக் கடைக்காரங்கிட்ட சொல்லுவ? நிமுந்த முட்டையோட சேலையக் குடுத்து, இதுவும் வட்டந்தாம்பான்னு சொன்னா வாங்கிக்கினு பூடுவானா?"

நான் கடைக்காரனைப் பற்றிப் பேசவில்லை என்று கத்தினேன். அவர் கடைக்காரனைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேச முடியாத நிலையில் இருந்தார் என்பது அப்போது உறைக்கவில்லை. சென்னைக்குப் போவதைப் பற்றி அன்றைக்குத்தான் வாய் விட்டுக் கேட்டேன். அம்மா உடனே மறுத்தாள். ஆவணி முகூர்த்தத்துக்கு டிசைன் எல்லாம் வைகாசியில்தான் கேட்பார்கள், நீ போய்விட்டால் இவர் எதைக் காட்டுவார் என்றாள். தென்னேரியில் அத்தை வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் ஒரு வழி சொன்னேன். நீ எங்கே போனாய் என்று யார் கேட்கப் போகிறார்கள், டிசைன் எங்கே என்றுதான் கேட்பார்கள் என்றாள் அம்மா. அது உண்மை. நைனாவைப் பார்த்தேன். பார்க்கலாம் என்றார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு நான் அந்தத் தாள்களில் படித்ததெல்லாம் என்னைக் கேலி செய்வதாகவே பட்டது. வட்டத்தின் மேல் ஒரு புள்ளியில் நின்றுகொள், அங்கிருந்து கோடுகளாக இழு, ஒவ்வொரு கோடும் வட்டத்தை இன்னோர் இடத்தில் சரியாக ஒரு தடவை வெட்டும், நின்ற இடத்தை விட்டு நகராமலே வட்டம் முழுவதையும் எட்டிவிடலாம் என்று ஒரு கணக்கு. ஒரே ஒரு கோடு மட்டும் வேறெங்கும் போகாது. நின்ற புள்ளியைத் தொட்டுக்கொண்டு அப்படியே விலகிவிடும். அந்தக் கோட்டை மட்டும் பென்சில் முனை உடைகிற அளவுக்கு அழுத்தி வரைந்தேன். இருந்தாலும் பத்துக் கணக்கையும் முடித்துத் தபாலில் சேர்த்தேன். போகப்போவதில்லை என்று தெரிந்தும் எதற்குச் சேர்த்தேன் என்று கேட்டால், வீம்புக்குத்தான்.

அந்த வாரத்தில்தான் ஒரு பெரிய கடையிலிருந்து சக்கரக் கரைக்கு வேலை வந்தது. கை அகலத்துக்குக் கரை, அதில் வரிசையாகச் சக்கரங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டு ஆரக்கால். ஆவணியில் ஒரே குடும்பத்துக் கல்யாணத்துக்குப் பல சேலைகள், எல்லாவற்றுக்கும் இதே கரை. மூன்று மத்தியானம் உட்கார்ந்து போட்டேன். கை சக்கரத்தில் இருந்தது, மனசு வட்டத்தின் மேல் எங்கேயோ ஒரு புள்ளியில் நின்று கோடு இழுத்துக்கொண்டிருந்தது. பத்துக் கணக்குக்கும் நேராக, ஒன்றுக்கு ஒன்று என்று அளவு எடுத்துப் பழகிவிட்டிருந்த கை, சக்கரத்துக்கும் ஒன்றுக்கு ஒன்று எடுத்துவிட்டது. பரிட்சையில் வீட்டுக் கணக்கைப் போட்டவள், வீட்டில் பரிட்சைக் கணக்கைப் போட்டேன். முடித்ததும் தாளைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. எவ்வளவு உருண்டையான சக்கரம்.

நைனா தாளைச் சரிபார்க்கும் விதம் ஒன்று உண்டு. கையில் பிடித்தால் ஆடும் என்பதால், தாளைத் தரையில் விரிக்கச் சொல்லி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலே நின்று பார்ப்பார். பூசாரி தட்டைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வைதான். ஏழாவது வரிசை, இடது பக்கத்திலிருந்து பதினோராவது கட்டம் விட்டுப்போச்சு என்பார். குனிந்து எண்ணிப் பார்த்தால் விட்டுப்போயிருக்கும். மூன்று வருடத்தில் அவர் கண்ணுக்கு ஒரு கட்டம் தப்பியதில்லை.

அன்றைக்கும் தாளை விரித்தேன். அவர் நின்றார். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் சுவரில் சாய்ந்து, வேண்டுமென்றே வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பேசிப் பத்து நாள் ஆகியிருந்தது. மறுபடி தாளைப் பார்த்தார். மொக்குப் போட்டாயா என்று கேட்டார். போட்டிருக்கிறேன் என்றேன். சரி, சுருட்டி வை என்றார். எப்போதும் அட்டை குத்துகிறவர்தான் வந்து வாங்கிப் போவார். அன்றைக்கு நைனா தாமே அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

சித்திரை கடைசியில், நான் கிளம்ப வேண்டிய நாளுக்கு எட்டு நாள் முன்னால், கடையின் மேனேஜர் வந்தார். எங்கள் வீட்டுக்கு நேரில் வருகிறவர் இல்லை அவர். கக்கத்தில் முழம் நீளத்துக்கு ஒரு மாதிரித் துணி. நான் அறைக்குள் இருந்தேன். ரகசியத்தின் சட்டப்படி, ஆள் வந்தால் நான் அந்த அறையிலிருந்து வெளியே வரக் கூடாது. கதவிடுக்கில் பார்த்தேன். மாதிரியைக் கூடத்தில் விரித்தார். அரக்குச் சிவப்பில் ஜரிகைக் கரை. கரை முழுக்க வரிசையாக, கல்யாணப் பந்திக்கு நிற்கிற மாதிரி, நிமிர்ந்து நின்றன முட்டைகள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் எட்டு ஆரக்கால்.

எனக்கு ஒரு பார்வையில் புரிந்துவிட்டது, எங்கே, எப்படி, எந்தக் கட்டத்தில் என்று.

மேனேஜர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்தனை வருடத்தில் இப்படி ஆனதில்லை, குத்தியிருக்கிற அட்டை மொத்தமும் வீண், கல்யாண வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாஸ்டர், மறைக்காம சொல்லுங்க. இது யார் கை?"

"என் கைதாம்பா."

"உங்க கைல இது வராது."

நைனா எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு கிராஃப் தாளையும் பென்சிலையும் எடுத்துவந்து கீழே உட்கார்ந்தார். மூன்று வருடமாக வேற்று ஆள் யாருக்கும் காட்டாத வலது கையைத் தாளின் மேல் வைத்து, ஒரு கோடு இழுத்தார். ஒரு சாண் கோடு. அது கட்டத்துக்குக் கட்டம் ஏறி இறங்கி, பக்கத்து வரிசைக்குள் போய், திரும்பி வந்து, ஓர் இடத்தில் தாளைக் கிழித்துக்கொண்டு நின்றது.

"இப்ப வருது பாரு" என்றார்.

மேனேஜர் கோட்டையும் கையையும் பார்த்தார். பிறகு அவர் துணியை மடித்துக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்த மரியாதைக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லாக் கடைக்கும் செய்தி போய்விடும்.

நான் வெளியே வந்திருக்க வேண்டும். அது என் தப்பு, என் கை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் மூன்று வருடமாக ஏமாற்றினீர்களா என்று கேட்டு இன்னும் கேவலமாகியிருக்கும் என்று பிறகு எனக்கு நானே எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். வாதம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவிடுக்கில் நின்ற அந்த நொடியில் எனக்கு வாதம் எதுவும் தோன்றவில்லை. இனிமேல் வரைய எதுவும் வராது என்று தோன்றியது. அதற்கு அடுத்து நான்கு வாரம் என்று தோன்றியது. நைனாவின் கோடு தாளைக் கிழித்துக்கொண்டு நின்றபோது, அவர் பெற்ற பெண் உள்ளே நின்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். இதைவிட மோசமாக என்னைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறு எதுவும் இல்லை.

மேனேஜர் தெருமுனை திரும்பியதும் நைனா அறைக்குள் வந்தார். ஜன்னலின் கொக்கியை நடுங்குகிற விரல்களால் நெம்பினார். துருப்பிடித்திருந்தது. நான் உதவிக்குப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். இரண்டு மூன்று தடவை முயன்று திறந்துவிட்டார். எதிர்வீட்டுச் சுவர், அதில் காயும் பட்டு நூல், அதற்கு மேல் கொஞ்சம் வானம். வெளிச்சத்தில் அந்த அறை எவ்வளவு சின்னது என்று பார்த்து எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. டியூப்லைட்டை அணைத்தேன்.

அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பரண் மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். அதில் என் உடைகளை மடித்து வைத்தாள், மேலே அந்தக் கழுத்துத் துண்டையும் வைத்தாள். குடும்பம் எப்படி ஓடியது என்பது தனிக் கதை. அம்மா நூல் சுற்றினாள். வருடங்கள் கழித்து டிசைன்கள் கம்ப்யூட்டரில் வர ஆரம்பித்தபோது, அச்சாகி வரும் தாள்களில் பிழை பார்க்க ஒரு கடை நைனாவைக் கூப்பிட்டுக்கொண்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். கம்ப்யூட்டர் விட்ட கட்டத்தைக்கூட அவர் விடவில்லை என்று அங்கே பேச்சு.

கிளம்பும் நாள் காலையில் நைனா பஸ் நிலையம் வரை வந்தார். முகூர்த்த நாள், ஏகப்பட்ட கூட்டம். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். அவர் கீழே, வெயிலில், வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, போய்ச் சேர்ந்ததும் எதிர்வீட்டு டெலிபோனுக்குப் பேசு என்று வழக்கமானதைச் சொன்னார். எட்டு நாளாக எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. பிள்ளைக்குத் தாயைத் தெரிகிற மாதிரி அவருக்குக் கட்டம் தெரியும். விட்டுப்போன ஒற்றைக் கட்டத்தை நின்ற நிலையில் சொல்லுகிறவர் கண்ணுக்கு, ஒரு கரை முழுக்க உருண்டையாக இருந்தது எப்படித் தெரியாமல் போகும்? டிரைவர் ஏறி உட்கார்ந்தார். இனி கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று பட்டது.

"நைனா, அன்னைக்கு அந்தத் தாளக் கீழ விரிச்சப்பவே நீங்க பாத்துட்டீங்க, இல்ல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தைப் பார்த்தார், அதில் ஏதோ பிழை தேடுகிறவர் மாதிரி.

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. இத்தனை நாள் பேசாமலிருந்த மகளிடம், கேலி செய்கிற பழைய சிரிப்பு.

"வட்டமும் முட்டையும் ஒண்ணுதான்னு நீதானம்மா சொன்ன."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. கதவு திறந்துதான் இருந்தது. நான் இறங்கவில்லை.